கண்காணியும் காமிராவும்

நிருபங்களைப் பற்றிய வகுப்பொன்றில் முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, கண்காணி என்றால் காமிரா வைத்துப் பார்க்கிறவரா?’ என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அன்று மாலை முழுவதும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. நமது ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில், ‘எபிஸ்கோப்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேராக நிற்பது ‘கண்காணி’ என்ற சொல்லே. அத்தியட்சர் என்றும் பேராயர் என்றும் பின்னர் நாம் வழங்கிய பதவிக்குத் தமிழ்த் திருமறை தரும் பெயர் அது. நாகர்கோவில் தெருமுனைகளில் ‘கண்காணிப்புக் காமிரா உள்ளது’ என்ற பலகையைப் பார்த்து வளர்ந்த இளைஞருக்கு அச்சொல் காமிராவை நினைவூட்டியதில் வியப்பில்லை.

நம் முன்னோருக்கு அதே சொல் வேறொரு மனிதரை நினைவூட்டியிருக்கும். இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர், கண்காணி என்றதும் தங்களை ஆள்சேர்த்து அழைத்துச் சென்றவரையும், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்தவரையும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று வேலை வாங்கியவரையும் நினைத்தனர். கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ கையில் இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. அந்தத் துண்டுமுறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆகவே மேய்ப்பரும் தோட்ட மேற்பார்வையாளரும் சுவரில் பொருத்திய கருவியும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்கிறார்கள். இம்மூவருக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது.

அதற்கு விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களைத் துணைக்கொள்கிறோம். சினிமாவுக்குப் போவதே பாவம் என்ற பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். (கொட்டகை வாசலில் நின்றவரின் பெயர் மறுநாள் காலைக்குள் உபதேசியாரின் காதுக்கு எவ்வாறு எட்டியது என்பதும் கண்காணிப்பின் வரலாற்றில் சேர வேண்டியதே.) எனினும், மனிதனை மனிதன் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் சமுதாயம் எப்படியிருக்கும் என்பதை, இறையியல் நூல்கள் எண்ணிப் பார்ப்பதற்கு வெகு முன்னரே இப்படங்கள் காட்டிவிட்டன.

1927-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ என்ற மௌனப் படத்தில், நகரத்தின் அதிபதி தன் மாளிகையில் இருந்தபடியே சுவர்த்திரையில் மேற்பார்வையாளனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில், தொழிலாளி கழிப்பறையில் ஒதுங்கிப் புகைபிடிக்கும்போதுகூட முதலாளியின் முகம் சுவரில் தோன்றி வேலைக்குத் துரத்துகிறது. சாப்ளின் அதை நகைச்சுவையாக்கினார். லாங்கின் படத்தில் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய காட்சி வேறொன்று. நிலத்தடியில் சிலுவைகள் நாட்டிய இடத்தில் மரியா என்ற பெண் தொழிலாளருக்கு உபதேசிக்கிறாள். சுவரிலுள்ள துளை வழியாக அதிபதி அக்கூட்டத்தை ஒளிந்து பார்க்கிறான். பார்த்த பின் அவன் கூட்டத்தைக் கலைக்கவில்லை; உபதேசிக்கிறவளின் சாயலில் ஓர் இயந்திரத்தைச் செய்து அவளுக்குப் பதிலாக அனுப்பும்படி கட்டளையிடுகிறான். திருச்சபையை ஒற்றுப்பார்க்கும் அதிகாரம் எப்போதும் அதை மூடிவிடுவதில்லை. சில வேளைகளில் அதன் குரலைக் கற்றுக்கொண்டு தானே பேசத் தொடங்குகிறது.

இக்கருத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்ற படம், 1971-இல் ஜார்ஜ் லூக்காஸ் எடுத்த முதல் முழுநீளப் படமாகிய ‘டி.எச்.எக்ஸ். 1138’. அங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமே உண்டு. உணர்ச்சிகளை அடக்கும் மாத்திரைகளை உண்ணாதிருப்பது குற்றம். மனம் கலங்கியவர்கள் ஒரு சிறு அறைக்குள் சென்று பாவ அறிக்கை செய்யலாம். அங்கே ஒளியூட்டப்பட்ட முகம் ஒன்று அவர்களை நோக்கியிருக்கிறது. அம்முகம் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் மெம்லிங் தீட்டிய, ஆசீர்வதிக்கும் கிறிஸ்துவின் முகம். அறிக்கை செய்கிறவன் எதைச் சொன்னாலும், புரிகிறது, மேலே சொல் என்ற பொருளில் பதிவு செய்த குரல் பதிலளிக்கிறது. அவன் அழுதாலும் அதே குரல், அதே அமைதி. இறுதியில், நன்றாக உழை, பொருள்களை வாங்கு, மகிழ்ச்சியாயிரு என்று ஆசீர்வதித்து அனுப்புகிறது. பிறகு ஒரு பாத்திரம் அந்த முகம் வைக்கப்பட்டுள்ள இடத்துக்கே வழிதவறி வந்துவிடுகிறது. அங்கே இருப்பது படப்பிடிப்புக்காக நிறுத்திய ஒரு படம் மட்டுமே.

இப்படத்தை மதநிந்தை என்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. லூக்காஸ் கேலி செய்வது கிறிஸ்துவை அன்று; கேட்பதுபோல் பாவனை செய்து எதையும் கேளாத சமயப்பணியையே. அறிக்கை செய்தவன் போன பின் அவன் வீட்டுக் கதவைத் தட்ட அங்கே ஒருவருமில்லை. பல காட்சிகளை இயக்குநர் காவலர்களின் திரை வழியாகவே காட்டுவதால், பார்வையாளராகிய நாமும் காவலரின் நாற்காலியில் அமர்த்தப்படுகிறோம். முடிவு இன்னும் கூர்மையானது. தப்பியோடும் நாயகனை இயந்திரக் காவலர் துரத்துகின்றனர். பிடிக்கும் தூரத்துக்கு வந்தபின், ஒதுக்கிய தொகையைவிடச் செலவு மிகுந்துவிட்டது என்று துரத்தலைக் கைவிடுகின்றனர். அவன்மேல் பகையும் இல்லை, அன்பும் இல்லை. அவன் கணக்கில் ஒரு தொகை, அவ்வளவே. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையை ஒருவன் தலைகீழாக எழுத விரும்பினால், இதைவிடச் சரியாக எழுத முடியாது.

தமிழில் இத்தகைய படங்கள் அரிது. எழுத்தில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் இத்துறையைத் தொட்டார், அது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய எதிர்கால நாட்டை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். கடைசியில் அந்தத் தலைவரே ஒளியால் ஆன ஓர் உருவம் என்று தெரியவருகிறது. சங்கீதக்காரன் பரிகசித்த பழைய விக்கிரகங்களுக்குக் கண் இருந்தது, பார்வை இல்லை. இன்றைய விக்கிரகத்துக்கோ பார்வை உண்டு. ஆனால் ஆள் இல்லை. சுஜாதா இதை விளையாட்டாகவே சொல்லிச் செல்கிறார். கதையின் வேகம் அவரை நிற்க விடவில்லை.

2018 மே 11 அன்று வெளியான பி. எஸ். மித்ரனின் ‘இரும்புத்திரை’யை நாம் சற்று விரிவாக நோக்க வேண்டும். இதே பெயரில் 1960-இல் எஸ். எஸ். வாசன் ஒரு படம் எடுத்தார். அது ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்ற திரையைப் பற்றியது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அந்தத் திரை ஆலையிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கைப்பேசியும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நாட்டில், அவற்றைத் திருடி மனிதரைச் சூறையாடும் ஒருவன் இப்படத்தின் வில்லன். இராணுவ அதிகாரியான நாயகன் தங்கையின் திருமணத்துக்காகக் கடன் தேடுகிறான். நேர்வழியில் கிடைக்காத கடனைத் தரகர் ஒருவர் பொய்ப் பத்திரங்களைக் கொண்டு வாங்கித் தருகிறார். வந்த பணம் கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. புகார் செய்யவும் வழியில்லை; பத்திரங்கள் பொய்யானவை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

இந்தப் பகுதிதான் படத்தின் உயிர். கண்காணிக்கிறவனின் வலிமை அவனுடைய இயந்திரத்தில் மட்டும் இல்லை, கண்காணிக்கப்படுகிறவன் வெட்கத்தோடு மறைத்துவைத்திருக்கும் சிறு குற்றத்திலும் இருக்கிறது என்பதை இயக்குநர் கண்டுகொண்டார். ஆத்தும விசாரிப்பில் பழகிய எந்தப் போதகரும் இதை அறிவார். ஆனால் கண்டுகொண்டதை இயக்குநர் பிற்பகுதியில் கைவிட்டுவிடுகிறார். தீமை முழுவதும் ஒரே மனிதனின் தலையில் சுமத்தப்படுகிறது. நாயகன் அவனை வெல்கிறான். நாம் ஆறுதலோடு வீடு திரும்புகிறோம். வில்லனுக்கு ஒரு முகம் கிடைத்ததால் நம் முகம் தப்பித்தது. அடையாள அட்டையின் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டு வரும் நமது பழக்கம், அதைச் சேர்த்து வைப்பவர் பதில் சொல்லக் கடமைப்படாத ஏற்பாடு ஆகியவை படம் தொடங்கியபோது இருந்தபடியே இருக்கின்றன.

வெளியுலகில் அப்படி ஒரு வில்லன் தேவைப்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2021-இல் தமிழ்நாடு காவல்துறை முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் அந்நியர் புகுந்து தகவல்களைக் கவர்ந்தனர். காவலுக்கு வைத்த பெட்டிக்கே காவல் இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். பார்க்கப்படுவதன் வலியை நாஞ்சில் நாடு திரைப்படத்தைக் கண்டு கற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்திருவிதாங்கூரில் எந்தச் சாதிப் பெண் மேலாடை அணியலாம், அணியலாகாது என்பதை வழக்கம் விதித்தது. அந்த வழக்கத்தை நடத்தியவை தெருவில் போவோரின் கண்களே. அங்கே இயந்திரமும் இல்லை, பதிவும் இல்லை. ஒவ்வொரு திண்ணையும் ஒரு காவற்கோபுரமாக இருந்தது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டத்தை ஆடைக்கான போராட்டமென்றே நாம் சொல்லிவருகிறோம். தன் உடலில் எதை யார் காணலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமைக்காக நம் மூதாட்டியர் நடத்திய போராட்டம் என்றும் அதைச் சொல்லலாம். 1859 ஜூலை 26 அன்று வெளியான அரசப் பிரகடனம் அவ்வுரிமையை அளித்தது. அதையும் முழுமையாக அளிக்கவில்லை, மேற்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடையோடுதான். உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைப் படிக்கும் நம் மாணவர் இதையும் அதன் ஓரத்தில் குறித்துக்கொள்வது நலம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதையும் இம்மாவட்டமே நமக்குக் கற்பித்தது. 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் கடல்வழியாக மும்பைக்குள் புகுந்த பின், நாட்டின் கடற்கரை நெடுகிலும் ராடார்கள் நிறுவப்பட்டன. மீனவருக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. கரையில் நிற்கும் காவலருக்குத் தன் அட்டையைக் காட்டிவிட்டுக் கடலுக்குப் போவது மீனவருக்குப் பழக்கமாயிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தது. நீரோடி முதல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரையான ஊர்களிலிருந்து பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. தேடுதல் தாமதமாயிற்று என்று மனம் கொதித்த மக்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர். பெரும்பாலும் கத்தோலிக்க சகோதரராகிய அவர்களோடு அன்று நம் சபையாரில் எத்தனை பேர் உட்கார்ந்தனர் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஐயத்துக்கு உரியவராக இருந்தபோது விரல்நுனி வரை பார்க்கப்பட்ட மனிதர், மூழ்கும்போது பார்க்கப்படவில்லை.

பீட்டர் வியரின் ‘தி ட்ரூமன் ஷோ’ (1998) இங்கே நினைவுக்கு வருகிறது. பிறந்த நாள் முதல் காமிராக்களுக்கு நடுவே வளர்க்கப்பட்ட ஒருவன், கடலைக் கண்டு அஞ்சும்படி பழக்கப்பட்டவன், கடைசியில் ஒரு படகேறித் தப்ப முயல்கிறான். அவனைப் படைத்ததாக எண்ணும் இயக்குநன் கருவிகளைக் கொண்டு அவன்மேல் புயலை ஏவுகிறான். அப்படத்தில் புயலை உண்டாக்குகிறவனுக்கு அந்த மனிதனின் முகமாவது தெரியும். நம் கரையில் புயல் தானே வந்தது. பார்க்கும் கருவிகள் அனைத்தும் கடலை விட்டு மீனவனை நோக்கியிருந்தன.

எசேக்கியேல் முப்பத்துமூன்றாம் அதிகாரம் பேசும் காவற்காரனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவன் மதிலின்மேல் நிற்கிறான். அவன் முகம் வெளிப்புறம் நோக்கியிருக்கிறது. வரும் பட்டயத்தைக் கண்டு எக்காளம் ஊதுவதே அவன் வேலை. ஊருக்குள் எந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது அன்று. ஊதாவிட்டால் மடிந்தவனின் இரத்தப்பழி அவன்மேல் கேட்கப்படும். நாம் மேலே கண்ட படங்களில் கண்கள் யாவும் உட்புறம் நோக்கியவை; அவற்றில் எந்தக் கண்ணும் எவருடைய இரத்தத்துக்கும் கணக்குக் கொடுப்பதில்லை. கண் எவ்வளவு பார்க்கிறது என்பதையே இப்படங்கள் அஞ்சுகின்றன. எத்திசையில் பார்க்கிறது, பார்த்ததற்கு யாரிடம் பதில் சொல்கிறது என்ற கேள்விகளை அவை அரிதாகவே எழுப்புகின்றன. விஞ்ஞானத் திரைப்படத்தின் குறை இது என்பது நம் கருத்து.

எல்லாவற்றையும் காணும் தேவனைப் பற்றிய நம் போதனையும் இங்கே சோதனைக்கு உள்ளாகிறது. ஞாயிறு பள்ளியில், ‘நீ ஒளிந்து செய்தாலும் ஆண்டவர் பார்க்கிறார்’ என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தியபோது நாம் பரலோகத்தில் ஒரு காமிராவை வைத்துவிட்டோம். திருமறையில் தேவனுக்கு, தன்னைக் காண்கிறவர் என்ற பொருளில் பெயரிட்டவள் ஓர் அடிமைப்பெண். ஆதியாகமம் பதினாறில் ஆகார் வனாந்தரத்து நீரூற்றண்டை நிற்கிறாள். ஆபிராமின் வீட்டில் அவள் எப்போதும் பார்வையில் இருந்தவள்தான். ஆனால் அவ்வீட்டில் எவரும் அவளைப் பெயர்சொல்லி அழைத்ததாக அதிகாரம் கூறவில்லை. முதன்முதலாக அவள் பெயரைச் சொல்லி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டவர் கர்த்தருடைய தூதனானவரே. சங்கீதம் 139-இல் தப்பியோட இடம் தேடுகிறவன் முடிவில் தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தானே வேண்டுகிறான். அந்த வேண்டுதலை எந்த இயந்திரத்திடமும் ஒருவன் செய்யமாட்டான்.

தமிழ் நமக்கு இன்னொரு சொல்லையும் தந்திருக்கிறது. மத்தேயு இருபத்தைந்தில் நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பதைப் பழைய திருப்புதல் ‘விசாரித்தல்’ என்கிறது; யாக்கோபு, திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பற்றிப் பேசுமிடத்திலும் அச்சொல்லே. கிரேக்கத்தில் இவ்வினையும் ‘எபிஸ்கோப்பொஸ்’ என்ற பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. காவல் நிலையத்திலும் விசாரணை உண்டு. வெற்றிமாறனின் ‘விசாரணை’ அதன் கோர முகத்தைக் காட்டியது. ஒருவன் வீட்டுக்கு நடந்துபோய், அவன் எதிரில் அமர்ந்து, அவன் நம்மைத் திருப்பிப் பார்க்க இடங்கொடுத்து நலம் கேட்பதும் விசாரணையே. காமிராவை எவரும் திருப்பிப் பார்க்க இயலாது. பார்த்தாலும் அங்கே கண்ணாடி மட்டுமே.

நாம் அறிந்த ஒரு சபையில் சில ஆண்டுகளுக்கு முன் காணிக்கைப் பெட்டி உடைக்கப்பட்டது. சபைக்குழு கூடி நான்கு காமிராக்களை வாங்கிப் பொருத்தியது. அவற்றின் திரை போதகரின் அலுவலறையில் வைக்கப்பட்டது. செலவைக் குறித்து இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. வேறு எதைக் குறித்தும் நடக்கவில்லை. களவு நின்றது, அதை மறுப்பதற்கில்லை. வாரநாள்களில் மதிய வேளையில் வந்து, கடைசி இருக்கையில் தனியே அமர்ந்து அழுதுவிட்டுப் போகும் வழக்கமுடைய ஒரு தாயாரும் வருவதை நிறுத்திவிட்டார். போதகர் இதைச் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தார், அதுவும் திரையைப் பார்த்து அன்று. ஆலயத்தைப் பெருக்கும் அம்மா சொல்லித்தான். அவர் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனார். ‘ஐயா, அங்கே நான் அழுகிறதை யாரோ எழுதிவைக்கிறதுபோல இருக்கு’ என்றாராம்.

காமிராக்கள் இப்போதும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இருக்கைகளை நோக்கியே நிற்கிறது. அதைக் காணிக்கைப் பெட்டியின் பக்கமாகத் திருப்புவதா, கழற்றிவிடுவதா என்பது அடுத்த சபைக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இடம்பெற்றிருக்கிறது என்று அறிகிறோம்.